தர்மபுரியில் 7 வருஷம் இருந்த மன்றோவும், உங்க கார்டு பில்லும்!

சென்னையில் தீவுத்திடல் பக்கம் பஸ்ஸில் போயிருந்தா, உயரமான பீடத்தில் குதிரைமேல உட்கார்ந்திருக்கிற ஒரு வெள்ளைக்காரரைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. குதிரைக்குச் சேணம் கிடையாது, கால் வைக்கிற அங்கவடி கிடையாது. ஆனாலும் மனுஷர் விழாம கம்பீரமா உட்கார்ந்திருப்பார். அவர்தான் சர் தாமஸ் மன்றோ. 1820-லிருந்து 1827 வரை மெட்ராஸ் மாகாண கவர்னர்.

மந்த்ராலயம் போய் வந்தவங்க வீட்டில் இவரைப் பற்றி வேற ஒரு கதை ஓடும். மடத்து நிலத்துக்கு வரி விஷயமா விசாரிக்கப் போனவருக்கு, ராகவேந்திரர் பிருந்தாவனத்துக்குள்ளிருந்தே காட்சி கொடுத்துப் பேசினாராம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். அந்தக் கதையிலும் மன்றோ வந்தது வரி விஷயமாத்தான் என்பதை மட்டும் கவனிங்க.

தர்மபுரிக்காரங்களுக்கு இவர் இன்னும் நெருக்கம். 1792-லிருந்து 1799 வரை, 7 வருஷம், இந்த ஊரில் தங்கி வேலை பார்த்தவர். இன்னிக்கு உங்க வீட்டு பீரோவில் இருக்கிற பட்டா என்ற காகிதத்துக்கும், தாத்தா கட்டின கிஸ்திக்கும், தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கிற ஜமாபந்திக்கும் பின்னால் இவர் வேலை இருக்கு.

சரி, லைஃப்ஸ்டைல் பக்கத்தில் இவருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. கார்டு பில் வந்ததும் ஆப் உங்களுக்கு ரெண்டு நம்பர் காட்டும். ஒண்ணு டோட்டல் டியூ, இன்னொண்ணு மினிமம் டியூ. மாசக் கடைசியில் விரல் தானா சின்ன நம்பர் பக்கம் போகும். மன்றோ தன் வாழ்க்கையில் பெரும்பகுதியைச் செலவழிச்சது இந்த ரெண்டு நம்பருக்கு நடுவில் இருக்கிற ஒரு கேள்வியில்தான்: ஒரு ஆளால் பாக்கி வைக்காம, சுத்தமா கட்டி முடிக்கக்கூடிய தொகை எவ்வளவு? அந்தக் கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வரலை, வீட்டிலிருந்து வந்தது.

அப்பா தொழில் போன கதை

மன்றோ பிறந்தது 1761 மே 27, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். அப்பா அலெக்சாண்டர் மன்றோ வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வணிகம். அந்தக் காலத்து கிளாஸ்கோவில் வர்ஜீனியா புகையிலைதான் பணம். சரக்குக்கு முன்பணம், முன்பணத்துக்குக் கடன், அந்தக் கடனுக்கு அடுத்த கப்பல் சரக்கு எனச் சக்கரம் மாதிரி ஓடுகிற தொழில். பையன் தாமஸ் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிச்சுட்டு, 16 வயசில் ஒரு வியாபாரக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். வரவு, செலவு, பேரேடு. வாழ்க்கை அந்த ரூட்டில்தான் போயிருக்கணும்.

அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தது. கடல் தாண்டி வரவேண்டிய பணம் கடல் தாண்டியே நின்னுடுச்சு. அப்பாவின் தொழில் விழுந்தது. வரவேண்டிய பாக்கியை நம்பித்தான் கொடுக்கவேண்டிய பாக்கி இருந்தது. முதலாவது வராதபோது ரெண்டாவது காத்திருக்கலை. வசதியா இருந்த குடும்பம் சில வருஷத்தில் கையைப் பிசைகிற நிலைக்கு வந்தது.

அதனால்தான் மகன் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் கேடட்டா சேர்ந்து கப்பல் ஏறினார். 1780 ஜனவரியில் மெட்ராஸ் வந்து இறங்கும்போது வயசு 18.

இறங்கினதும் நடந்தது என்ன தெரியுமா? இன்னிக்கு நமக்கு வருகிற கேஒய்சி போன் காலின் 18-ம் நூற்றாண்டு வெர்ஷன். பார்க்க மரியாதையான ஒரு பெரியவர் வேலைக்காரரா வந்து சேர்ந்தார். சீமை உடுப்பெல்லாம் இந்த ஊருக்குச் சரிப்படாது, மாத்தித் தர்றேன் என்கிற மாதிரி பேசி, துணிகளையும் புதுசு வாங்கப் பணத்தையும் வாங்கிட்டுப் போனார். போனவர் போனவர்தான். புது உடுப்பு வாங்க மன்றோ பல மாசம் சிக்கனமா இருந்து காசு சேர்க்க வேண்டியிருந்தது.

அதன்பிறகும் சுகவாழ்வு இல்லை. ஹைதர் அலியோடு போர், அலைச்சல். ஒன்பது வருஷம் கழிச்சு அக்கம்பக்கத்து அதிகாரிகள் ராஜபோகத்தில் வாழ்வதா நினைச்சிருந்த தன் சகோதரிக்கு எழுதின கடிதத்தில் தன் நிலைமையை ஒளிக்காம சொல்லியிருக்கார். வந்து மூணு வருஷம் வரைக்கும் தலையணை என்பது ஒரு புத்தகம் அல்லது தோட்டா வைக்கிற பை. கட்டில் என்பது நாலு குச்சியில் இழுத்துக் கட்டின கேன்வாஸ் துணி. இந்தியா போனா பணம் மரத்தில் காய்க்கும் என நினைச்ச ஊருக்கு அந்தக் கடிதம் கொஞ்சம் அதிர்ச்சியாத்தான் இருந்திருக்கும். இன்னிக்கு துபாய், சிங்கப்பூர் போன அண்ணன்கள் ரூம் போட்டோவை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களே, அதே சங்கதி.

அம்மாவுக்கு எழுதின கணக்கு

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 1780-களின் நடுவில், தாமஸும் வங்காளத்தில் இருந்த தம்பி அலெக்சாண்டரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அப்பாவுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு அனுப்புவது. அதை அம்மாவுக்குக் கடிதத்தில் தெரிவிச்சார் தாமஸ். கூடவே இன்னொரு விஷயம். கவர்னர் மெக்கார்ட்னி நிறுத்தி வெச்சிருந்த சம்பள அரியர் கைக்கு வந்தா, 1786-க்குள் 200 பவுண்டு அனுப்புறேன் என்றார்.

ரெண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. 100 என்பது உறுதி, அது கையில் வருகிற சம்பளத்திலிருந்து போகிறது. 200 என்பது அரியர் வந்தால் மட்டும். வரும் வரும்னு சொல்லப்பட்ட பணத்தை வந்த பணமா எண்ணி அவர் வாக்கு கொடுக்கலை. அப்பா தொழில் எதில் விழுந்ததுன்னு பார்த்த பையன் இல்லையா.

நாம என்ன செய்றோம்? இன்சென்டிவ் அடுத்த மாசம் வரும்னு டீம் லீடர் சொன்ன அன்னிக்கே ஷூ கார்ட்டில் விழுந்துடும். தீபாவளி போனஸ் கணக்கில் ஏறும் முன்னாடி ஆயுத பூஜை சேலில் செலவாகிடும். பில் டேட் வரும்போது இன்சென்டிவ் பாதிதான் வந்திருக்கும். அப்போதான் அந்தச் சின்ன நம்பர் கண்ணுக்கு அழகா தெரியும்.

இங்கே ஒரு குட்டி இடைவேளை. மன்றோ ராணுவத்தில் இருந்தபோதே பாரசீகம் படிச்சார். ஒரு பாரசீகச் சுவடியில் ஒரு கதை கிடைச்சது. ஏழை ஒருவர் கடன் வாங்குகிறார், குறித்த நாளில் திருப்பித் தரலைன்னா உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதையை அறுத்துத் தரணும் என்பது ஒப்பந்தம். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வருகிற ஷைலக் கதையேதான்! மன்றோ அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து அனுப்ப, ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர் மலோன் தன் பதிப்பில் அதைச் சேர்த்துக்கிட்டார். நாடு, மதம், மொழி எல்லாம் மாறினாலும் டியூ டேட் கதை மட்டும் எல்லா ஊரிலும் இருந்திருக்கு.

12 கோட்டைச் சீமையில்

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தப்படி திப்பு சுல்தான் பாராமகாலை கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியிடம் நிர்வாகம் போனது. அவருக்கு உதவியாளரா வந்தவர்களில் ஒருவர் மன்றோ. அவருக்குக் கிடைச்ச பகுதியின் தலைமையிடம் தர்மபுரி.

இவங்க யாருக்கும் வருவாய் நிர்வாகத்தில் முன் அனுபவம் கிடையாது. அது ஒருவகையில் நல்லதாப் போச்சுன்னு நினைக்கிறேன். பழைய பழக்கம் தெரியாததால் வயலுக்கே நேரா போனாங்க. ஊர் ஊரா கூடாரம் அடிச்சு, வயல் வயலா அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் பேசி, எந்த நிலம் யார் கையில், என்ன விளையும், எவ்வளவு கட்ட முடியும் எனக் கணக்கு எழுதினாங்க.

இதுக்கு முன்னாடி எப்படி? ஒரு ஊரை மொத்தமா ஒருத்தர் குத்தகைக்கு எடுப்பார். அவர் மேலே ஒரு தொகை கட்டுவார், கீழே என்ன வசூலிக்கிறார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். விவசாயிக்குத் தான் எவ்வளவு தரணும், தந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தெரியாது. கணக்கு தெரியாதவன் எப்பவும் கடன்காரன்தான்.

மன்றோவும் ரீடும் வந்து சேர்ந்த முறைக்குப் பேர் ரயத்துவாரி. ரயத் என்றால் விவசாயி. நடுவில் ஆள் இல்லை. விவசாயியே நேரா சர்க்காருக்குக் கட்டுவார். அவர் கையில் எழுத்தில் ஒரு பட்டா. இந்த நிலம், இவ்வளவு தொகை. ஒவ்வொரு வருஷமும் எந்த வயலை வெச்சுக்கணும், எதை விடணும் என அவர் முடிவு செய்யலாம். வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு தீர்க்கிறதுதான் ஜமாபந்தி. தொகையை மொத்தமா கேட்காம தவணையா பிரிச்சாங்க. அந்தத் தவணைதான் கிஸ்தி. கட்டபொம்மன் படத்தில் சிவாஜி அடுக்குகிற வார்த்தைகளில் ஒண்ணு, ஞாபகம் வருதா? அதேதான்.

நம்ம பாஷையில் சொன்னா, பட்டா என்பது ஸ்டேட்மென்ட். கிஸ்தி மாதம் என்பது டியூ டேட். மாசா மாசம் உங்க மெயிலில் வந்து விழுகிற அந்த பிடிஎஃப்பைத் திறந்தே பார்க்காதவங்க எத்தனை பேர்? ஆப்பில் தெரியும் ஒரே ஒரு நம்பரைப் பார்த்துக் கட்டிட்டுப் போயிடுறோம். எந்தச் செலவு, என்ன சார்ஜ், போன மாசப் பாக்கிக்கு வட்டி போட்டிருக்கானா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கு. பாராமகால் விவசாயி அப்படி ஒரு காகிதத்துக்காகத் தலைமுறை தலைமுறையா காத்திருந்தார்.

தர்மபுரி மன்றோவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இங்கே தோட்டம் போட்டார், மரம் வெச்சார். 1799-ல் திப்பு வீழ்ந்தபிறகு கன்னடக் கடற்கரைக்கு மாத்தினபோது விருப்பமில்லாமத்தான் போனார். அங்கிருந்து எழுதின கடிதங்களில் மழையைத் திட்டிக்கிட்டு, பாராமகாலை நினைச்சு ஏங்குறார். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த எந்த கவர்ன்மென்ட் ஊழியருக்கும் இது புரியும்.

மிட்டா விழுந்த கதை

மன்றோ போனதும் கம்பெனி என்ன செஞ்சது தெரியுமா? அவர் செஞ்சதைக் கலைச்சது. வங்காளத்து ஜமீன்தாரி முறை மாதிரி இங்கேயும் வேணும்னு, 1800-களின் தொடக்கத்தில் பாராமகாலை மிட்டா மிட்டாவா பிரிச்சு ஏலம் விட்டாங்க. மிட்டாதார் என்ற பேரை தர்மபுரி, சேலம் பக்கத்துப் பெரியவங்க இன்னும் சொல்வாங்க. ஏலத்தில் கெளரவத்துக்காக எடுத்தவங்க உண்டு, வசூல் ஆகிடும்னு நம்பி எடுத்தவங்க உண்டு. வருஷா வருஷம் கட்டவேண்டிய தொகை நிரந்தரம். மழை நிரந்தரமில்லை.

நிறைய மிட்டாக்கள் விழுந்தன. ஒரு வருஷப் பாக்கி அடுத்த வருஷத் தொகையோடு சேர, அது அதற்கடுத்த வருஷத்தை இழுக்க, கடைசியில் மிட்டாவே ஏலத்துக்குப் போனது. பலவற்றை சர்க்காரே திரும்ப எடுத்துக்கிட்டு, மறுபடி ரயத்துவாரிக்கு மாத்தியது.

பாக்கி உருள்வது எப்படி என்பதற்கு நம்ம கார்டு கணக்கு ஒண்ணு பார்த்துடலாம். பில் 50,000 ரூபாய்னு வெச்சுப்போம். வட்டி மாசம் 3.5 சதவிகிதம். நிறைய கார்டுகளில் இந்த ரேஞ்ச்தான். கேட்க சின்னதா இருக்கும், வருஷத்துக்கு 42. நீங்க 5 சதவிகிதம், அதாவது 2,500 ரூபாய் மட்டும் கட்டுறீங்க. அந்த மாசத்துக்கு வட்டி 1,750. வட்டிமேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி, 315. ஆக, கட்டின 2,500-ல் 2,065 வட்டிக்கும் வரிக்கும் போச்சு. கடன் குறைஞ்சது 435 ரூபாய். கார்டையே தொடாம இருந்தா இந்தக் கணக்கு.

தொட்டா? அங்கேதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இருக்கு. முழுசா கட்டுறவங்களுக்குத்தான் அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லா காலம். பாக்கி வெச்சுட்டீங்கன்னா, புதுசா வாங்குற பெட்ரோல், பிரியாணி எல்லாத்துக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தா, முழுசா கட்டுறவரா இருந்தாலும் எடுத்த நாளிலிருந்து வட்டி. மினிமம் டியூ கட்டினா லேட் ஃபீஸ் வராது, சிபில் ரிப்போர்ட்டில் கட்டத் தவறினவர்னு பதியாது. அவ்வளவுதான் அதன் உபயோகம். ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி நிஜமான நெருக்கடியில் ஒரு மாசம் மூச்சு விட அது உதவும், மறுக்கலை. மாசா மாசம் அதில் வாழ்றது மிட்டாதார் கதை.

25 சதவிகிதம்

இங்கே ஒரு நேர்மையான விஷயம் சொல்லணும். மன்றோ நமக்குச் சொந்தக்காரர் இல்லை. கம்பெனிக்கு வரி வசூலிக்க வந்தவர். அவர் போட்ட தொகைகளும் குறைஞ்சதில்லை. பணமாத்தான் கட்டணும் என்பதும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தேதி வரும் என்பதும் விவசாயியை லேவாதேவிக்காரர் வாசலுக்கு அனுப்பின. ரயத்துவாரி விவசாயியை வாழ வெச்சதுன்னு மட்டும் எழுதுற புத்தகங்களை நான் நம்புறதில்லை.

ஆனா மற்ற கம்பெனி அதிகாரிகளிடமிருந்து இவர் வேறுபடுகிற இடம் ஒண்ணு உண்டு. 1800-லிருந்து 1807 வரை பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர் பக்கம் நிர்வாகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு விவசாயி கட்டத் தவறினா, 10 சதவிகிதம் வரைக்கும் ஊர்க்காரங்களே பொறுப்பேற்கணும்னு ஒரு விதி. வசூல் நல்லா இருந்தது. வேற யாரா இருந்தாலும் அந்த வெற்றிக் கணக்கைக் காட்டி ப்ரமோஷன் வாங்கிட்டுப் போயிருப்பாங்க. மன்றோ 1807-ல் ஊருக்குக் கிளம்பும் முன், தான் போட்ட தொகையிலேயே 25 சதவிகிதம் குறைக்கணும், கிணறு குளத்துப் பாசன நிலத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாவே குறைக்கணும் என எழுதி வெச்சார். வசூலாகுது என்பதும் தாங்குது என்பதும் ஒண்ணு இல்லை என அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நிலத்தில் மிச்சம் ஏதாவது இருந்தாத்தான் விவசாயி அடுத்த வருஷம் விதைப்பார், கிணறு வெட்டுவார்.

இதைக் கார்டு லிமிட்டோடு வெச்சுப் பாருங்க. 30,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஒன்றரை லட்சம் லிமிட் தர்ற கார்டுகள் இருக்கு. அது அவர் தாங்கக்கூடிய தொகைன்னு யாரும் சொல்லலை. வசூலாகும் என ஒரு கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அது. உங்க கணக்கை நீங்கதான் போடணும்: வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, பஸ், சாப்பாடு போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் உங்க லிமிட். பல ஆப்களில் லிமிட்டை நீங்களே குறைச்சு செட் பண்ணிக்கவும் முடியும்.

மன்றோ சொன்ன 25 சதவிகிதத்தை கம்பெனி அப்போ கண்டுக்கலை. அதுக்குப் பதிலா ஊர்களை 3 வருஷக் குத்தகைக்கு விட்டது, அப்புறம் 10 வருஷக் குத்தகை. குத்தகை எடுத்தவங்களும் விழுந்தாங்க. மன்றோ கிட்டத்தட்ட 29 வருஷம் கழிச்சு ஸ்காட்லாந்து மண்ணை மிதிச்சார். அங்கே பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி சாட்சி சொன்னார், 1814-ல் ஜேன் கேம்ப்பெல்லைக் கல்யாணம் செஞ்சார், நீதித்துறைச் சீர்திருத்தக் கமிஷனுக்குத் தலைவரா மறுபடி மெட்ராஸ் வந்தார், மராட்டியப் போரில் சண்டை போட்டார். 1820-ல் கவர்னர். 13 வருஷத்துக்கு முன்னாடி எழுதி வெச்ச 25 சதவிகிதக் குறைப்பை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவரே உத்தரவா போட்டார். ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையானதும் அப்போதான்.

அதுக்கப்புறம் நம்ம ஊர்

அவருக்குப் பிறகு வந்தவங்க எல்லோரும் அவ்வளவு நிதானமா இல்லை. 1876-78 பெரும்பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவைக் கடுமையா தாக்கியது. தர்மபுரி அப்போ அதில்தான் இருந்தது. விவசாயக் கடன் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. அப்பா வாங்கின கடனுக்குப் பேரன் வட்டி கட்டுற நிலை.

இதுக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தவர் இதே மண்ணின் மனுஷர். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி. அந்த ஊர் இப்போ கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரைக்கும் தர்மபுரி மாவட்டம். மெட்ராஸ் மாகாணப் பிரதமரா இருந்தபோது 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய பழைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை ஏறி நின்ற வட்டி தள்ளுபடி. வாங்கின அசலைப்போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தா, அந்தக் கடனே தீர்ந்ததா அர்த்தம். புதுக் கடன்களுக்கு வட்டி உச்சவரம்பு ஆண்டுக்கு ஆறேகால் சதவிகிதம். கார்டின் 42-ஐ ஒரு செகண்ட் நினைச்சுக்கோங்க. ரெண்டு மடங்கு கட்டினா முடிஞ்சது என்ற விதி கார்டுக்குக் கிடையாது.

அப்புறம் 1989. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆரம்பிச்சது எந்த மாவட்டத்தில்னு கேட்டா நிறைய பேர் மதுரைன்னு சொல்வாங்க. தர்மபுரியில்தான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்த வருஷம் இங்கே தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. உங்க அம்மாவோ பாட்டியோ குழுவில் இருந்தா கேட்டுப் பாருங்க. மாசக் கூட்டம், நோட்டுப் புத்தகம், இந்த மாசத் தவணை இந்த மாசமே. ஒருத்தங்க கட்டலைன்னா மத்தவங்க முகத்தில் எப்படி முழிக்கிறது என்ற கூச்சம். மன்றோவின் அந்த 10 சதவிகித ஊர்ப் பொறுப்பை நம்ம அம்மாக்கள் வேற வடிவத்தில், தங்களுக்காகவே நடத்திக்கிட்டிருக்காங்க. கார்டுக்கு அந்தக் கூச்சம் இல்லை. தனியா, ராத்திரி 11 மணிக்கு, போர்வைக்குள்ள இருந்தே சின்ன நம்பரைத் தட்டிடலாம்.

முழுசா கட்டணும்னு முடிவெடுத்தவங்களுக்குச் சில விஷயங்கள். ஆட்டோ பே போடும்போது டோட்டல் அமவுன்ட் டியூவை செலக்ட் பண்ணுங்க. சில ஆப்களில் முதலில் நிற்பது மினிமம்தான். தேதி இடிக்குதா? சம்பளம் 7-ம் தேதி, டியூ 3-ம் தேதி என்றால் அது அறுவடைக்கு முன்னாடி வந்த கிஸ்தி மாதிரி. நல்ல சம்பளக்காரரும் தடுமாறுவார். கார்டின் பில்லிங் சைக்கிளை மாத்திக்க வாய்ப்பு தரணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. கஸ்டமர் கேரில் கேளுங்க. ஏற்கெனவே பாக்கி உருண்டுட்டா, அந்தக் கார்டை டிராயரில் வெச்சுட்டு யூபிஐயில் இருக்கிற காசுக்கு மட்டும் செலவு செய்யுங்க. பாக்கியை இஎம்ஐயா மாத்தினா வட்டி குறையுமான்னு வங்கியில் விசாரிங்க. பெரும்பாலும் குறையும்.

மன்றோவின் கடைசி நாட்களைச் சொல்லாம விட்டா கதை முழுசாகாது. 1827-ல் பதவியை விட்டுட்டு ஊர் திரும்ப அனுமதி கேட்டாச்சு. அடுத்த கவர்னர் வரணும், அவ்வளவுதான் பாக்கி. அந்த இடைவெளியில் சும்மா உட்காராம, தான் 7 வருஷம் வேலை பார்த்த கடப்பை, பெல்லாரி சீமைக்கு விடைபெறப் போனார். வழியில் காலரா. ஜூலை 6, கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் உயிர் போனது. குத்தியில் புதைச்சாங்க, சில வருஷம் கழிச்சு உடலை எடுத்து வந்து சென்னை கோட்டையில் இருக்கிற செயின்ட் மேரி தேவாலயத்தில் வெச்சாங்க. பத்திகொண்டாவில் அவர் நினைவா ஒரு தோப்பும் கிணறும் அமைச்சாங்க. கடப்பை பக்கம் ரொம்ப நாளைக்குப் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்றே பேர் வெச்சாங்களாம்.